வாசகர் கேள்வி: உள்ளூர்க்காரர் இருக்க, நம்மை ஏன் கப்பலேற்றினார்கள்?

போன இதழில் பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் போய்வந்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அங்கே ஒரு ஜாதிக்காய் மரத்தடியில் நின்றதையும், பழம் பிளந்து உள்ளே செக்கச்செவேல் என்று ஜாதிபத்திரி தெரிந்ததையும் சொன்னேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. தோட்டம், கூலி, கப்பல் என்று எல்லாரும் ஒரே திசையில் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை சமையல் குறிப்புக் கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டேன். அவற்றை அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலிக் புலாவ் வாசகர்: எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு ஜாதிக்காய் மரங்கள் நிற்கின்றன. இது பினாங்கின் சொந்த மரம்தானே, டீச்சர்?

இல்லை ஐயா. ஜாதிக்காயின் தாய்வீடு பண்டா தீவுகள். இன்றைய இந்தோனேசியாவில், பண்டா கடலில் கிடக்கும் சின்னஞ்சிறு தீவுக்கூட்டம். அந்த ஊர்க்காரர்களே காய் பறித்து, காயவைத்து, ஜாவா வியாபாரிகளிடமும் மலாய் வியாபாரிகளிடமும் அரிசிக்கும் துணிக்கும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். 1621இல் டச்சுக் கம்பெனியின் கவர்னர் யான் பீட்டர்சூன் கூன் படையோடு வந்து இறங்கினார். தீவுகளில் இருந்த சுமார் 15,000 பேரில் ஆயிரம் பேரளவுக்கே மிஞ்சினார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் வெட்டுப்பட்டும், பட்டினி கிடந்தும், அடிமையாகக் கொண்டுபோகப்பட்டும் அழிந்தார்கள். பிறகு நிலத்தைத் துண்டு போட்டு டச்சுக்காரர்களுக்குக் கொடுத்து, வேலைக்கு அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். மரம் அதேதான், காயும் அதேதான். அதைப் பறித்த கைகள் ஒரே வருடத்தில் வேறு கைகளாகிவிட்டன.

1796இல் ஆங்கிலேயர்கள் அந்தத் தீவுகளைப் பிடித்ததும் ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைக் கப்பலில் ஏற்றி இங்கே அனுப்பினார்கள். உங்கள் மரத்தின் பாட்டன் பூட்டன் அப்படி வந்ததுதான். 1860ஐ ஒட்டி ஒரு நோய் வந்து பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பெரிய ஜாதிக்காய்த் தோட்டங்களை மொட்டையடித்துவிட்டது. துரைமார் அதோடு கைகழுவினார்கள். கொல்லையில் நாலு மரம் வைத்திருந்த சிறு விவசாயிகள்தான் ஜாதிக்காயை உங்கள் ஊரில் இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மரங்களை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவி, ஜெலுத்தோங்: பக்கத்துக் கம்பத்திலேயே (கிராமத்திலேயே) மலாய்க்காரர்கள் இருந்தார்களே, அவர்களை விட்டுவிட்டு ஏன் கடல் தாண்டி நம் முன்னோரைத் தோட்ட வேலைக்குக் கொண்டுவந்தார்கள்? "உள்ளூர்க்காரர்கள் சோம்பேறிகள், அதான்" என்கிறார் என் மாமா. எனக்கு அது சரியாகப் படவில்லை.

உனக்குச் சரியாகத்தான் பட்டிருக்கிறது மகளே. மாமாவைக் கோபித்துக்கொள்ளாதே. அந்தச் சொல் அவருடையது இல்லை. துரைமார் எழுதிவைத்தது, நம் வாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நான் பிறந்தது நிபோங் திபால் பக்கம் ஒரு பால்மர (ரப்பர்) தோட்டத்தில். எங்கள் லயத்துக்குப் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப்) பின்னால் முள்வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் மலாய்க் கம்பம், அதற்கும் அப்பால் நெல் வயல். நாற்று நடும் நாளில் அந்த வீட்டு மாக்சிக் (மலாய் அத்தை) விடியும் முன்னே முழங்கால் சேற்றில் இறங்கியிருப்பார். உச்சி வெயிலில் நாங்கள் பள்ளி விட்டு வரும்போதும் குனிந்த முதுகு நிமிராமல் நட்டுக்கொண்டிருப்பார். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் சோம்பேறி என்ற சொல்லை எடுக்க மாட்டார்கள். அவருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் வயல் இருந்தது. வீட்டைச் சுற்றித் தென்னை, ரம்புத்தான், நாலு கோழி, வாய்க்காலில் மீன். காடு வெட்டித் தரக் குத்தகை பேசினால் கம்பத்து ஆண்கள் வந்தார்கள், வேலையை முடித்துக் காசு வாங்கிக்கொண்டு போனார்கள். வருடம் முழுக்கத் தினமும் மணியடித்ததும் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து வரிசையில் நிற்கத்தான் அவர்கள் சம்மதிக்கவில்லை. சோறு வீட்டில் இருக்கும்போது எதற்கு நிற்க வேண்டும்?

தோட்ட முதலாளிக்கு வேண்டியது வேலை தெரிந்த ஆள் மட்டும் இல்லை. போக இடமில்லாத ஆள் வேண்டும். இதை நான் சும்மா சொல்லவில்லை. உலகத்தின் மறுகோடியில் இருக்கும் இரண்டு தீவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். பார்பேடாஸ், டிரினிடாட். இரண்டும் பிரிட்டிஷ் தீவுகள், இரண்டிலும் கரும்பு, இரண்டிலும் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த அடிமைகளின் உழைப்பு. அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தது. "பயிற்சிக் காலம்" என்று சொல்லி இன்னும் நாலு வருடம் இழுத்தடித்து, 1838இல்தான் உண்மையில் விட்டார்கள். பிரிட்டிஷ் அரசு 2 கோடி பவுன் நஷ்டஈடு கொடுத்தது. யாருக்கு என்று நினைக்கிறாய்? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. அடிமையாக இருந்தவர்களுக்குச் சல்லிக்காசு கிடையாது.

பார்பேடாஸ் சின்னத் தீவு. கரும்பு இல்லாத நிலம் அங்கே ஏறக்குறைய இல்லவே இல்லை. விடுதலை ஆனவர்கள் எங்கே போவார்கள்? பழைய முதலாளியின் நிலத்திலேயே குடிசை போட்டு, அவர் வயலிலேயே அவர் சொன்ன கூலிக்கு வேலை செய்தார்கள். டிரினிடாட்டில் காலி நிலம் கிடந்தது. அங்கே மக்கள் தோட்டத்தை விட்டுக் கிளம்பி, காட்டோரத்தில் கிழங்கும் வாழையும் போட்டுக்கொண்டு பிழைக்கப் போனார்கள். கூலிக்கு ஆள் இல்லையென்று தோட்டக்காரர்கள் கூச்சல் போட, 1845 மே மாதம் ஃபத்தேல் ரசாக் என்ற கப்பல் இருநூற்றுச் சொச்சம் இந்தியர்களோடு அங்கே போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு 1917 வரைக்கும் 1,40,000க்கு மேற்பட்டவர்கள் போனார்கள். பார்பேடாஸுக்கு அப்படிக் கப்பல்கள் போகவில்லை, தேவைப்படவில்லை. இரண்டு தீவுகளிலும் இருந்தது ஒரே மாதிரி மக்கள்தான். சோம்பேறித்தனம் ஒரு தீவில் மட்டும் எப்படி முளைக்கும்?

மொரீஷியஸைப் பார். அங்கே 1834 நவம்பர் 2ஆம் தேதி அட்லஸ் கப்பலில் 36 இந்தியர்கள் இறங்கினார்கள். அடிமை விடுதலை அந்தத் தீவில் நடப்பதற்கு மூன்று மாதம் முன்னாலேயே மாற்று ஆள் வந்தாயிற்று. அடுத்து வந்தவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். நம் தமிழர்களும் அதில் ஏராளம். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியை வெட்டும் வழக்கம் அங்கே இருந்தது. ஒப்பந்தம் முடித்தவர்களும் நிம்மதியாக நடமாட முடியவில்லை. 1867 முதல் புகைப்படம் ஒட்டிய சீட்டு இல்லாமல் வெளியே போனால் திரிபவர் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். ஒப்பந்தத்திலிருந்து தப்பிச் சொந்தமாகக் காய்கறி விற்றுப் பிழைப்பவனை மறுபடி தோட்டத்துக்குள் தள்ளுவதற்குத்தான் அந்தச் சீட்டு. 1871இல் 9,401 பேர் சேர்ந்து கவர்னருக்கு மனு கொடுத்தார்கள். அவர்களில் பலர் எழுதத் தெரியாதவர்கள். அதனால் அரச விசாரணைக் குழுவே வர வேண்டியதாயிற்று. இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. துக்கத்தால் மட்டும் இல்லை, பெருமையாலும்தான்.

அந்த மனுவை வாங்கிய கவர்னரின் பெயர் ஆர்தர் கார்டன். அதற்கு முன் டிரினிடாட்டில் கவர்னராக இருந்தவர், பின்னால் ஃபிஜிக்குப் போனார். ஃபிஜி மக்களின் நிலம் கைமாறக் கூடாது, அவர்களைத் தோட்டத்துக்கு இழுக்கக் கூடாது என்று அங்கே உறுதியாக நின்றார். நல்ல காரியம். ஆனால் ஆட்சிச் செலவுக்குக் கரும்பு வேண்டுமே? டிரினிடாட்டிலும் மொரீஷியஸிலும் பார்த்த வழி அவருக்குத் தெரியும். 1879 மே 14ஆம் தேதி லியோனிடாஸ் கப்பல் ஃபிஜி வந்தது. ஒரு மக்களின் நிலத்தைக் காப்பாற்றுவதற்கு இன்னொரு மக்களின் உழைப்பை எடுத்தார்கள். ஃபிஜிக்காரனுக்கும் இந்தியனுக்கும் நடுவில் பின்னாளில் வந்த மனக்கசப்புக்கு விதை அங்கேதான் விழுந்தது. நம் நாட்டிலும் அந்த மாதிரி விதை விழுந்த இடம் எது என்று யோசிக்க வேண்டியவர்கள் உன் வயதுப் பிள்ளைகள்தான்.

அப்படியென்றால் நம் ஆட்கள் மட்டும் ஏன் போனார்கள்? இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊரில் அவர்களுக்கு நிலம் இல்லை. என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்தில் பண்ணையாள். அவருடைய அப்பாவும் பண்ணையாள். வாங்கிய கடன் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும், சாதி எங்கே குடியிருக்கலாம் என்று சொல்லும். 1876 முதல் 1878 வரை அடித்த தாதுவருஷப் பஞ்சத்தின் கதையை அவர் தன் பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவர். 1920களின் கடைசியில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்குக்குப் பக்கத்துப் புலாவ் ஜெரெஜாக் தீவின் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் சில நாள் கிடந்து, இங்கே வந்தார். சாகும்வரை அவர் சொன்னது ஒன்றுதான்: "அங்க நெல்லைக் கண்ணால பாத்தேன், இங்க மாசக் கடைசியில காசு என் கையில விழுந்துச்சு." அவர் வாயிலிருந்து வந்ததை நான் திருத்தப் போவதில்லை. அந்தக் காசு எவ்வளவு, அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பது வேறு.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பட்டர்வொர்த்: சஞ்சிக்கூலி, கங்காணி முறை இரண்டும் ஒன்றுதான் என்று சிலர் எழுதுகிறார்கள். சரியா?

இரண்டும் வேறு ஐயா. சஞ்சிக்கூலி என்றால் ஒப்பந்தக் கூலி. கைநாட்டு வைத்தபிறகு குறிப்பிட்ட வருடம் ஒரே தோட்டத்தில் கிடக்க வேண்டும். விட்டு ஓடினால் அது கடன் பாக்கி வழக்கில்லை, குற்ற வழக்கு. ஜெயில். வெளியே வந்ததும் மீதி நாளையும் செய்து தீர்க்க வேண்டும். பினாங்கின் எதிர்க்கரையான நம் செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்கள் இந்த முறையில்தான் ஓடின. மலாயாவுக்கு இந்தியர்களை இப்படிக் கொண்டுவருவது 1910இல் நிறுத்தப்பட்டது.

கங்காணி முறையில் கூலியாக வேலை செய்பவனே ஊருக்குப் போய்த் தன் சொந்தபந்தம், தெருக்காரர்களைக் கூட்டிவருவான். கையெழுத்து ஒப்பந்தம் கிடையாது. 1907இல் தோட்டக்காரர்கள் எல்லாரும் பணம் கட்டும் குடியேற்ற நிதி வந்தபிறகு கப்பல் காசும் தலையில் கடனாக ஏறவில்லை. ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டுப் போகலாம் என்பது சட்டம். ஆனால் நடைமுறையில் கங்காணி உங்கள் மாமன் அல்லது ஊர்ப் பெரியவன். அவனுக்கு ஆள் எண்ணிக்கைக்கு ஏற்பத் தினமும் தலைக்காசு உண்டு. நீங்கள் காய்ச்சலில் படுத்தால் அவனுக்குக் காசு போகும். பல இடங்களில் மளிகைக் கடையும் அவனுடையதே. சட்டத்தில் இல்லாத கடன் கடைக் கணக்கில் வந்தது. ஊரையும் சாதியையும் அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து லயத்தில் வைத்ததும் இந்த முறைதான்.

இலங்கையில் இதற்கு ஒரு படி மேலே போய்த் "துண்டு" என்று ஒன்று வைத்திருந்தார்கள். தோட்டம் மாற வேண்டுமானால் உங்கள் கடன் இவ்வளவு என்று எழுதிய சீட்டு வேண்டும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் விடுதலை. 1921இல்தான் அதை ஒழித்தார்கள். மலாயாவுக்குக் கூலி ஆட்களை அனுப்புவதை 1938இல் இந்திய அரசே நிறுத்தியது. அதோடு கங்காணியின் ஆள்பிடிப்பு முடிந்தது.

இல்லத்தரசி, சுங்கை பக்காப்: என் கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டம், தாத்தா பால்மரத் தோட்டம், இரண்டும் ஒரே இடம் என்கிறார்கள். எப்படி?

இருக்கும் அம்மா. உங்கள் வட்டாரம் முழுக்க அப்படித்தான். பத்து காவானில் முதலில் கரும்பு போட்டவர்கள் தியோச்சூ சீனர்கள், மாடு கட்டிச் சுற்றும் ஆலை. 1840களில் வெள்ளைக்காரர்கள் நீராவி ஆலையோடு வந்தார்கள். 1910களில் கரும்பு ஓய்ந்து அதே மண்ணில் ரப்பர் ஏறியது. இப்போது செம்பனையும் தொழிற்சாலையும்.

பயிர் மாறினால் மனிதர்களின் நேரமே மாறிவிடும். வெட்டிய கரும்பு காத்திருக்காது, சாறு புளித்துவிடும். அதனால் வயலும் ஆலையும் ஒரே மூச்சில் ஓட வேண்டும். வெட்டுக் காலத்தில் ராத்திரி பகல் கிடையாது, கொப்பரை கொதித்துக்கொண்டே இருக்கும். உடம்பில் பலமுள்ள ஆண்களைத்தான் அதிகம் கேட்டார்கள். பால்மரம் வேறு மாதிரி. குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் ஓடும். என் அம்மா நாலரை மணிக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் நிரைக்குள் போவார். முந்தின நாள் கோட்டில் உறைந்த கோட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டு, உளியைப் பட்டையில் வைத்து ஒரே இழுப்பு. நூல் மாதிரி சீவல் விழும். கொஞ்சம் ஆழம் போனால் மரம் காயப்படும், தண்டல் (மேற்பார்வையாளர்) அதை எண்ணி வைப்பார். ஆழம் குறைந்தால் பால் வராது. பால் வடியும் மங்கைத் (கிண்ணத்தைத்) திருப்பி வைத்து அடுத்த மரம். இப்படி நானூறு மரத்துக்கு மேல். மழை பெய்தால் வேலை இல்லை, கூலியும் இல்லை. இதற்குப் பலத்தைவிடக் கைப்பக்குவம் வேண்டும், அதனால் பெண்களும் வந்தார்கள், குடும்பமாக நிலைத்தார்கள், ஆயாக் கொட்டகையும் தோட்டப் பள்ளியும் வந்தன. இலங்கையிலும் இதே மாதிரிதான். காப்பிக்குப் பறிப்புக் காலத்தில் மட்டும் போய்வந்தவர்கள், 1869இல் இலைநோய் வந்து காப்பி அழிந்து தேயிலை ஏறியபிறகு குடும்பத்தோடு மலையிலேயே தங்கினார்கள், தேயிலையை வருடம் முழுக்கப் பறிக்க வேண்டுமே.

கைப்பக்குவம் பெண்ணுடையதுதான், ஆனால் கூலி குறைவு. 1920களின் கடைசியில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று அரசாங்கமே அளவு வைத்தது. அந்தப் பத்துக் காசை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

தொழிற்சாலை ஊழியர், பத்து காவான்: எங்கள் அடுக்குமாடியில் பாட்டி வராந்தா முழுக்கப் பெயிண்ட் டப்பாக்களில் வெண்டை, பசளை, ஒரு மரவள்ளிகூட வளர்க்கிறார். எடுக்கச் சொல்லி நிர்வாகம் கடிதம் கொடுத்திருக்கிறது. "காசு கொடுத்தா கடையில கிடைக்காதா" என்றால் பாட்டி பேசுவதையே நிறுத்திவிடுகிறார். எப்படிச் சமாதானப்படுத்துவது?

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதலில் அந்த ஒரு வார்த்தையைப் பாட்டியிடம் சொல்வதை நிறுத்துங்கள்.

பாட்டி தோட்டத்தில் வளர்ந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஜப்பான்காரன் காலத்துக் கதை அவர் வீட்டில் பேசியிருப்பார்கள். மண் முழுக்க ரப்பரும் மற்றதும் போட்டுவிட்டு, சோற்றுக்குப் பர்மாவையும் சயாமையும் நம்பியிருந்த நாடு இது. 1942இல் அரிசிக் கப்பல் நின்றதும் தோட்டத்து மக்களின் உயிரைப் பிடித்து வைத்தது மரவள்ளிக்கிழங்கு. லயத்துக்குப் பின்னால் ஒரு பாத்தி வைத்திருந்தவன் பிழைத்தான். ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனபிறகு அந்தப் பாத்தியைப் பார்த்துக்கொண்டவர்கள் பெண்கள்.

எங்கள் லயத்துக்குப் பின்னாலும் அப்படி ஒரு பாத்தி இருந்தது. கத்தரி, வெண்டை, ஓரமாக முருங்கை, வேலியோரம் மரவள்ளி. நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது புது மேனேஜர் வந்தார். லயம் வரைக்கும் கன்று நட வேண்டும், பாத்திகளைக் காலி செய்யுங்கள் என்று கிராணி (தோட்டக் கணக்கர்) மூலம் சொல்லி அனுப்பினார். கெடு ஒரு வாரம். கடைசி நாள் ராத்திரி அம்மா அந்த நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மரவள்ளியைப் பிடுங்கினார். பாதிக் கிழங்கு விரல் பருமன்தான் இருந்தது. என்னைச் சாக்கைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அழவில்லை. பிடுங்கிய தண்டுகளை மட்டும் தூக்கி எறியாமல் கட்டாகக் கட்டி, குளிக்கிற இடத்தில் ஈரத்தில் சாய்த்து வைத்தார். காலையில் ஆட்கள் வந்து முருங்கையை வெட்டினார்கள். அன்று வேலைக்குப் போனவர் திரும்பி வந்ததும் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு மாசக் கணக்கில் கடைப் பாக்கி எகிறியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பாத்தி கூலியில் சேராத கூலி. ஒரு வாரம் வேலைக்குப் போகாவிட்டாலும் பிள்ளைகள் சாப்பிடும் என்ற தைரியம் அதிலிருந்துதான் வந்தது.

சரி, நடக்க வேண்டிய காரியத்துக்கு வருவோம். வராந்தா பொது வழி. நெருப்புப் பிடித்தால் ஆட்கள் ஓட இடம் வேண்டும், அதில் நிர்வாகம் சொல்வது நியாயம். ஆனால் எடு என்று சொல்வதோடு நிற்கக் கூடாது. கீழே வாகன நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கிற புல்தரை இருக்குமே, அதில் பத்துக்குப் பத்தடி கேளுங்கள். நீங்கள் தனியாகப் போகாதீர்கள். மாடியில் செடி வளர்க்கிற சீன, மலாய்ப் பாட்டிகளும் கட்டாயம் இருப்பார்கள், நாலைந்து வீட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போங்கள். பதில் வரும்வரை மரவள்ளியைத் தவிர மற்றதையெல்லாம் உங்கள் வீட்டு ஜன்னலுக்கு உள்பக்கம் நகர்த்தலாம். மரவள்ளிக்கு டப்பா போதாது, அதற்கு எப்படியும் மண் வேண்டும்.

அப்புறம் எனக்காக ஒரு உதவி. மரவள்ளித் தண்டை நடும்போது எத்தனை கணு விட்டு வெட்ட வேண்டும், எத்தனை கணு மண்ணுக்குள் போக வேண்டும் என்று பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். அம்மா சொல்லிக் கொடுத்தார், எனக்கு மறந்துவிட்டது.